தனபாலை மறுபடியும் படித்தவர்கள்

தனபாலுக்கு ஒழுங்காகப் பல் தேய்க்கத் தெரியாது என்பதுதான் டாக்டர் மெஹருன்னிசாவின் முதல் புகார்.

தனபால் நிஜ ஆள் இல்லை. ‘திரும்பத் திரும்பத் தனபால்’ என்ற நாவலின் கதாநாயகன். அறுபத்திரண்டு வயதில் செத்துப் போகிறான். கண் விழித்தால் மறுபடி பத்தொன்பது வயது, அதே வீடு, அதே அப்பா, அதே திட்டு. முன்பு வாழ்ந்தது முழுவதும் ஞாபகம் இருக்கிறது. மறுபடி வாழ்கிறான், மறுபடி சாகிறான், மறுபடி பத்தொன்பது. நானூறு பக்கத்துக்கு இதேதான்.

“ஒவ்வொரு தடவையும் நாப்பது வயசுல அதே கடவாய்ப் பல்லுக்கு ரூட் கேனால் பண்ணிக்கறான்க்கா,” என்றார் டாக்டர். “அந்தப் பல்லுதான் போகும்னு தெரியுமில்ல? ஒரு வாழ்க்கையிலயாவது ராத்திரி தேய்ச்சிட்டுப் படுத்தானா? இவனுக்கெல்லாம் எத்தனை வாழ்க்கை குடுத்து என்ன பிரயோஜனம்?”

மெஹருன்னிசா பல் டாக்டர். மனிதர்கள் பற்களுக்கு வெளியே சுற்றப்பட்ட ஒரு உறை என்பது அவருடைய அபிப்பிராயம்.

மனை வாங்கி விற்கும் சண்முகராஜுக்கு வேறு கவலை. “ரெண்டாவது தடவையே காளப்பட்டியில அஞ்சு ஏக்கரா வாங்கிப் போட்டிருக்க வேண்டாமுங்களா? எல்லாம் தெரிஞ்சிருந்தும் கவிதை எழுதீட்டு உக்காந்திருக்கறான். படிக்கப் படிக்க எனக்கு நெஞ்சு எரியுதுங்க.”

பம்ப்செட் மோட்டார் கம்பெனி வைத்திருந்து இப்போது மகனிடம் ஒப்படைத்துவிட்ட நந்தகோபாலுக்கு நெஞ்சு எரியவில்லை. அவர் அழுதார். நாவலில் ஒரு கட்டம். ஆறாவது வாழ்க்கையில் தனபால் தன் முதல் வாழ்க்கையின் மனைவி கனகத்தைத் தேடிப் போகிறான். அவள் ஒரு தையல் கடையில் உட்கார்ந்து யாருடனோ பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். நம்மோடு இருந்தபோது இவள் இப்படிச் சிரித்ததே இல்லையே என்று நினைத்து, தெருவின் எதிர்ச்சாரியிலிருந்து பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிடுகிறான். “அதுதானுங்க்கா அன்பு,” என்று சொல்லிக் கைக்குட்டையை எடுத்தார் நந்தகோபால்.

அவருடைய மனைவி ஹேமலதா அந்தக் கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டானா?” என்றார்.

இவ்வளவுதான் எங்கள் வாசகர் வட்டம், என்னையும் சேர்த்து. நான் பிரமிளா, செயலாளர். வேறு யாரும் ஒப்புக்கொள்ளாததால் கிடைத்த பதவி. நூற்பாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கிய பழக்கம் சம்பளம் நின்ற பிறகும் நிற்கவில்லை. கூட்டம் வடவள்ளியில் என் வீட்டில், மூன்றாவது மாடியில், முறுக்கும் இஞ்சி டீயும் வைத்து நடக்கும்.

எனக்கும் டாக்டருக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. மனிதர்கள் மாறுவதில்லை என்பது என் கட்சி. ஒரே ஆளிடம் ஒரே புத்தகத்தை எத்தனை முறை புதிதாகக் கொடுத்தாலும் அதே இடத்தில்தான் அழுவான், அதே இடத்தில்தான் கொட்டாவி விடுவான். மாறுவார்கள் என்பது டாக்டர் கட்சி. முன்பெல்லாம் இதை வாயால் மட்டும்தான் சண்டை போட முடியும். படித்ததை மறக்காமல் புதிதாகப் படிப்பது எப்படி? நெற்றிப்பட்டை வந்த பிறகு அதற்கும் வழி பிறந்துவிட்டது.

அதை முதல் முதலில் வாங்கி வந்தவர் டாக்டர்தான். தலையில் கட்டிக்கொள்ளும் ரிப்பன் போல இருந்தது. சண்முகராஜ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது என்ன பண்ணுமுங்க டாக்டரம்மா?”

“புத்தகத்துல பென்சிலால கோடு போடுவீங்கல்ல? அது மாதிரி. இதைக் கட்டியிருக்கற நேரத்துல மூளைக்குள்ள என்ன போனாலும் அதுக்குக் கீழ ஒரு கோடு விழும். பிறகு கழுவற கடைக்குப் போய் நாற்காலில உக்காந்தா, கோடு போட்டது மட்டும் போயிரும். மத்ததெல்லாம் அப்படியே இருக்கும்.”

“எப்ப வேணாலும் கழுவலாமுங்களா?”

“ஒரு மாசத்துக்குள்ள. அதுக்கு மேல விட்டா கறை மாதிரி ஊறிப் போயிரும். போகாது.”

“படிச்சம்ங்கறதாச்சும் ஞாபகம் இருக்குமா?”

“படிச்சோம்னு தெரியும். என்ன படிச்சோம்னு தெரியாது.”

“அது எனக்கு இப்பவே அப்படித்தானுங்களே,” என்றார் சண்முகராஜ்.

ஊரில் இதைத் துப்பறியும் கதை படிப்பவர்களும் கிரிக்கெட் பார்ப்பவர்களும்தான் அதிகம் வாங்கினார்கள். ஜெயித்த ஆட்டத்தைக் கழுவிவிட்டு மறுபடி நகம் கடித்துக்கொண்டு பார்க்கலாம். ‘பட்டை அணிந்திருக்கும்போது யாரிடமும் பேச வேண்டாம்’ என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தார்கள், ஏனென்றால் பேச்சும் சேர்ந்து போய்விடும். கோயம்புத்தூர் ஆண்களுக்கு இது பெரிய வசதியாகிவிட்டது. காய்கறி வாங்கி வரச் சொன்னதை மறந்தவரெல்லாம் “பட்டை போட்டிருந்தேன்” என்று சொல்லித் தப்பித்தார்கள்.

நாங்கள் அந்த எச்சரிக்கையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டோம். எங்கள் கணக்குப்படி புத்தகம் மட்டும் மறந்தால் போதாது. கூட்டத்தில் மற்றவர் சொன்னதும் மறக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த முறை அது கலந்துவிடும். எனவே கூட்டத்துக்கும் எல்லோரும் பட்டையோடுதான் வர வேண்டும் என்று விதி போட்டேன். ஒலிப்பதிவு கூடாது. செயலாளர் ஒருத்தி மட்டும் பட்டை கட்டாமல் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்து, அடுத்த வைகாசியில் அதே நாவலை எல்லோரும் மறுபடி படித்ததும் ஒப்பிட்டுப் பார்ப்பாள். நன்றாக யோசித்துப் போட்ட விதி என்று எனக்கு அப்போது ரொம்பப் பெருமை.

நான் யோசிக்காதது ஒன்று இருந்தது. எல்லாம் கழுவப்படப் போகிறது என்று தெரிந்தால் ஜனங்கள் உண்மையைப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

போன வைகாசியில் பட்டையோடு நடந்த முதல் கூட்டத்திலேயே, தனபாலைப் பற்றி மேலே சொன்னதையெல்லாம் பேசிய அன்றைக்கே, அது தெரிந்தது. வட்டத்தில் சேர்ந்ததிலிருந்து ஒரு புத்தகத்தையும் தான் முழுதாகப் படித்ததில்லை என்றார் சண்முகராஜ். இன்னொரு பல் டாக்டரிடம் போய் வாயைத் திறக்கத் தனக்குப் பயம் என்றார் மெஹருன்னிசா. எல்லோரும் சிரித்தோம். அந்தக் குஷியில் நான்தான் கேட்டேன். “சரி, தனபாலுக்குக் கிடைச்ச மாதிரி உங்களுக்கு மறுபடி சின்ன வயசு கெடைச்சா என்ன பண்ணுவீங்க?”

“அதே வாழ்க்கைதானுங்க்கா,” என்றார் நந்தகோபால் உடனே. “அதே ஹேமா. அதே மோட்டார் கம்பெனி. ஒரு ஸ்க்ரூ கூட மாத்த மாட்டேன்.”

எல்லோரும் ஹேமாவைப் பார்த்தோம். அவரும் அதையே சொல்லப் போகிறார், டீயை எடுத்து வரலாம் என்று நான் பாதி எழுந்துவிட்டேன்.

“நான் இவரைக் கட்டிக்க மாட்டேன்,” என்றார் ஹேமா.

குரலில் கோபமே இல்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது. எம்.எஸ்ஸி. விலங்கியல் முடித்த வருஷம் வால்பாறையில் தவளைகளைக் கணக்கெடுக்க ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு மழைக்காலம் அங்கேயே தங்க வேண்டும். வருஷம் முழுக்க மண்ணுக்கடியில் கிடந்து, முதல் மழைக்கு மட்டும் மேலே வந்து, கத்திவிட்டு, மறுபடி மண்ணுக்குள் போய்விடும் தவளை ஒன்று உண்டாம். அதைப் பார்க்கப் பெட்டி கட்டி வைத்திருந்தாராம். அதற்குள் ஜாதகம் பொருந்திவிட்டது. பெண் வரமாட்டாள் என்று அப்பாவே பேராசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

“என்கிட்ட யாரும் கேக்கல. இவர்கிட்டயும் யாரும் சொல்லல. இவரைக் குத்தம் சொல்லல நான்.”

நந்தகோபால் கையில் ஒரு முறுக்கு இருந்தது. அதை அவர் சாப்பிடவும் இல்லை, தட்டில் வைக்கவும் இல்லை. “ஒரு தவளைக்காகவா?” என்றார். சாதாரணமாக இதைச் சொல்லியிருந்தால் அறையே அதிர்ந்திருக்கும். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்புறம் எல்லோரும் லாலி ரோட்டில் இருக்கும் கழுவும் கடைக்குப் போனார்கள். சாயங்காலம் நந்தகோபாலும் ஹேமாவும் ஸ்கூட்டரில் என் வீட்டு வழியாகத் திரும்பி வந்தபோது நான் பால்கனியில் நின்றிருந்தேன். “என்னுங்க்கா, கூட்டம் நல்லா போச்சுங்களா?” என்று கீழேயிருந்து கேட்டார் அவர். போச்சு என்றேன். அந்தப் பெண் வாழ்நாளில் ஒரு முறை சொன்னதை இனி உலகத்தில் நான் ஒருத்திதான் சுமக்க வேண்டும் என்று நினைத்தேன். சுமந்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் முழுக்க நந்தகோபாலை நேருக்கு நேர் பார்க்கவே என்னால் முடியவில்லை. காய்கறிக் கடையில் அவர் தக்காளிப் பக்கம் நின்றால் நான் வெங்காயப் பக்கம் போய்விடுவேன். அவரும் ஏனோ என்னைக் கண்டால் வேகமாகப் பை தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவருக்கு என்ன வந்தது என்று நான் யோசிக்கவில்லை. அடுப்பு பற்ற வைக்கக் கூடத் தெரியாத மனிதர் திடீரென்று சமையல் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். சர்க்கரை வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மாதம் ஒரு முறை மோட்டார் சர்வீஸ் என்று சொல்லி எங்கோ மலைப் பக்கம் போய் வந்தார். கம்பெனியை விட்டவருக்கு என்ன சர்வீஸ் என்றும் யோசிக்கவில்லை. குறை கண்டுபிடிக்கிறவள் என்று என்னைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வைகாசியில் இரண்டாம் கூட்டம். எல்லோரும் தனபாலைப் புதிதாகப் படித்துவிட்டுப் பட்டையோடு வந்து உட்கார்ந்தார்கள். எனக்கு ஒரே பரபரப்பு. ஹேமாதான் முதலில் பேசினார். தையல் கடைக் கட்டம் வந்ததும் அதே முகம், அதே நிதானம். “அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டானா?”

எழுத்துப் பிசகாமல் போன வருஷத்து வாக்கியம். என் கட்சி ஜெயித்துவிட்டது. மேசைக்குக் கீழே டாக்டரின் காலை லேசாக மிதித்தேன்.

அடுத்தது டாக்டர். தனபால் பாவம், அவனுக்குத் துணையில்லை, இப்படி ஒரு விஷயத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்ல முடியாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உருகினார். கடவாய்ப் பல்லைப் பற்றி மூச்சே இல்லை.

“பல்லு?” என்று கேட்டுவிட்டேன்.

“என்ன பல்லு? ஒண்ணுமில்லியே,” என்றார், கொஞ்சம் அவசரமாக.

சண்முகராஜ் நிலத்தைப் பற்றிப் பேசவில்லை. “மனுசனுக்குச் சொத்து என்னுங்க சொத்து, வீட்டுல இருக்கறவிய மனசு தெரியோணும்,” என்று சொல்லிவிட்டு ஹேமாவைப் பார்த்தார். பிறகு பார்க்காதது போல ஜன்னலைப் பார்த்தார். நந்தகோபாலிடம் கைக்குட்டையே இல்லை. “அது அன்பில்லீங்க்கா. தைரியமில்லாதவன் பண்ணுன வேலை,” என்றார்.

என் கட்சி கண்ணெதிரே சரிந்துகொண்டிருந்தது. நாலு பேரில் மூன்று பேர் தலைகீழாக மாறியிருந்தார்கள். தோற்ற எரிச்சலில் அந்தக் கேள்வியைக் கேட்காமலே விட்டுவிடலாமா என்று பார்த்தேன். ஹேமாவை மறுபடி அந்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தவும் மனசு வரவில்லை. ஆனால் விதி நான் போட்டது. “மறுபடி சின்ன வயசு கெடைச்சா…” என்று ஆரம்பித்தேன்.

நந்தகோபால் எழுந்து நின்றுவிட்டார்.

“ஹேமா பதில் சொல்ல வேண்டியதில்லீங்க்கா. அவ வால்பாறைக்குப் போகட்டும். எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு. வெந்நீர் வர்ற ரூமாப் பாத்து வெச்சிருக்கறேன். அங்க நெலையத்துல ஜெனரேட்டர் ஓடாம கெடந்துது, அதையும் நானே காயில் கட்டி ஓட வெச்சுக் குடுத்துட்டேன். இன்னும் பத்து நாள்ல மழை புடிச்சிருமாம், உன்ற தவளை மேல வந்துருமாம். மழை முடியற வரைக்கும் இருக்கலாம்னு சொல்லீட்டாங்க.”

ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

“வால்பாறையா?” என்றார் ஹேமா. மெதுவாகத்தான் கேட்டார். “வால்பாறைன்னு நான் உங்ககிட்ட என்னைக்குச் சொன்னேன்?”

டாக்டர் முறுக்குத் தட்டைப் பார்த்தார். சண்முகராஜும் முறுக்குத் தட்டைப் பார்த்தார். வால்பாறையில் என்ன விசேஷம் என்று நியாயமாகக் கேட்டிருக்க வேண்டிய இரண்டு பேரும் கேட்கவில்லை. ஹேமா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“உங்களுக்கெல்லாமும் தெரியுமா?”

முதலில் உடைந்தது சண்முகராஜ்தான். “நான் வேணும்னு செய்யலீங்க ஹேமாம்மா. கழுவற கடையில வரிசையில நின்னனுங்க. அந்த நேரம் பாத்துப் பார்ட்டி போன் பண்ணி ஒரு மனையை முடிச்சுட்டான். பட்டையைக் கழட்ட மறந்துட்டேன். கழுவுனா அந்த வெவரமும் சேந்து போயிருமேன்னு வீட்டுக்குப் போய்ட்டேன்.”

“நான் டாக்டர்ங்க,” என்றார் மெஹருன்னிசா. “அந்த நாற்காலி எப்படி வேலை செய்யும்னு எனக்குத் தெரியும். அதனாலதான் உக்காரல.”

“எங்களையெல்லாம் உக்கார வெச்சீங்களே,” என்றேன் நான்.

“நீங்க எங்க உக்காந்தீங்க? ஒண்ணு கவனிச்சீங்களாக்கா, கழுவினவங்க மாறல. கழுவாதவங்கதான் மாறியிருக்காங்க.” அந்த நேரத்திலும் அவருக்கு வழக்குதான் முக்கியம். நான் முறைத்ததும் வாயை மூடிக்கொண்டார்.

ஒரு வருஷமாக நான் ஒருத்தியே சுமந்ததாக நினைத்த பாரத்தை ஊரே சுமந்திருக்கிறது. எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது.

நந்தகோபால் மேசையைப் பார்த்தபடி பேசினார். “நான் நாற்காலில உக்காந்துட்டேன் ஹேமா. சுவிட்சு போடற பொண்ணு வந்துது. அப்பத்தான் தோணுச்சு. இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் இவளைப் பத்தி ஒரு விசயம் எனக்குத் தெரிஞ்சுது. அதையும் கழுவீட்டா அப்புறம் என்கிட்ட என்ன இருக்குதுன்னு. எந்திரிச்சு வந்துட்டேன்.”

“அப்படி என்ன சொன்னேன் நான்?” என்றார் ஹேமா.

“இவரில்லாம இருந்திருந்தா நல்லா இருந்திருப்பேன்னு சொன்ன,” என்றார் நந்தகோபால்.

“அப்படிச் சொல்லலீங்க,” என்றார் டாக்டர். “அவங்க கோபமெல்லாம் அப்பா மேலதான். உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொல்லல.”

“வால்பாறையில ஒரு எடம் வாங்கோணும்னு சொன்னாங்க,” என்றார் சண்முகராஜ். “நான்கூட ஒண்ணு பாத்து வெச்சிருக்கறேன். ரோட்டு மேல, தண்ணி வசதியோட.”

நான் தொண்டையைச் செருமினேன். இதற்குத்தானே செயலாளர். “நான் சொல்றேன். ஹேமா சொன்னது இதுதான்: நான் இவரைக் கட்டிக்க மாட்டேன். சொல்லும்போது கண் கலங்கியிருந்துது.”

“கண்ணு கலங்கலீங்க்கா,” என்றார் நந்தகோபால். “சிரிச்சா. அதுதான் எனக்குத் தாங்கல.”

“முறுக்கு சாப்பிட்டுட்டே சொன்னாங்க. சிரிக்கவும் இல்ல, அழுகவும் இல்ல,” என்றார் சண்முகராஜ்.

“முறுக்கு அவர் கையிலதான இருந்துது?” என்றேன் நான்.

“ரெண்டு பேர் கையிலயும் இருந்துதுங்க.”

பட்டை கட்டாமல், ஞாபகம் வைத்துக்கொள்வதற்கென்றே உட்கார்ந்திருந்தவள் நான். அந்த நிமிஷத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவர் கண்ணில் ஈரம் இருந்ததா, அப்படி இருக்க வேண்டும் என்று நான் பிற்பாடு வைத்தேனா? தனபாலைப் பற்றி எப்படிச் சண்டை போட்டோமோ அப்படியே ஹேமாவைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். ஒரே வித்தியாசம், தனபால் இந்த அறையில் இல்லை. ஹேமா எதிரே உட்கார்ந்திருந்தார்.

“போதுமுங்க,” என்றார் அவர்.

நிறுத்தினோம்.

“நீங்கெல்லாம் மறந்துருவீங்கன்னு நம்பித்தான் நான் சொல்லியிருப்பேன். நான் ஒருத்தி மட்டும் ஒழுங்காப் போய்க் கழுவீட்டு வந்திருக்கறேன். என்ற பேச்சு உங்க எல்லார்கிட்டயும் ஆளுக்கொரு மாதிரி இருக்குது. என்கிட்ட மட்டும் இல்ல.” இப்போது நிச்சயமாகக் கண் கலங்கியிருந்தது, இதை நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். “என்ற தவளையக் கூட நீங்கதான் வெச்சிருக்கறீங்க.”

நந்தகோபால் ஏதோ சொல்ல வந்தார். ஹேமா அவர் பக்கம் திரும்பினார்.

“இந்த ரூமு, ஜெனரேட்டரு, இதெல்லாம் எப்ப முடிவு பண்ணுனீங்க?”

“போன வருசமே.”

“ஒரு வருசமாத் தெரிஞ்சும் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.”

“நீ கழுவீட்ட ஹேமா. நானாப் போய் வால்பாறைன்னு கேட்டா நீ என்ன நெனைப்ப? மொதல்ல சமையல் பழகிக்கலாம், எல்லாத்தையும் சரி பண்ணீட்டுச் சொல்லலாம்னு…”

“அந்தத் தனபாலும் எதிர்ச்சாரியில நின்னு இதையேதான் நெனைச்சிருப்பான்.”

நந்தகோபாலுக்கு முகம் செத்துப்போய்விட்டது. அவரை அப்படிப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. தனபாலைத் தைரியமில்லாதவன் என்று திட்டி முழுதாக அரை மணி நேரம் ஆகவில்லை.

“நீங்க திடீர்னு ரசம் வெச்சீங்க,” என்றார் ஹேமா. “மாசாமாசம் சட்டை மாத்தீட்டு எங்கயோ போனீங்க. கேட்டா சர்வீஸுன்னீங்க. நான் என்ன நெனைச்சேன் தெரியுமா? வேற யாரோ இருக்கறாங்கன்னு நெனைச்சேன். இந்த வயசுல எவ மாட்டுனான்னு ஒரு வருசமா யோசிச்சு யோசிச்சுத் தூக்கமில்ல எனக்கு.”

“அய்யோ ஹேமா.”

“அய்யோவெல்லாம் இப்பச் சொல்லுங்க.”

சண்முகராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. டாக்டரும் சேர்ந்துகொண்டார். ஹேமாவே கூட உதட்டைக் கடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். நந்தகோபால் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு வேறு ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

“ஹேமா. நீ… மறுபடி இருந்தா…” என்று ஆரம்பித்தவர், முடிக்கத் தெரியாமல் நின்றார்.

ஹேமா இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பட்டையை அவிழ்த்தார். அது தலைமுடியில் சிக்கிக்கொண்டது. பொறுமையாக எடுத்து முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இது எனக்கு ஞாபகம் இருக்கோணும்,” என்றார். “போன வருசம் என்ன சொன்னனோ எனக்குத் தெரியாது. இப்பச் சொல்றதுதான் நான் சொல்றது. நான் வால்பாறைக்குப் போறேன். நீங்க ஏற்பாடு பண்ணுனதுக்காக இல்ல, எனக்குப் போகோணும், அதனால போறேன். மறுபடி உங்களைக் கட்டிக்குவனா மாட்டனான்னு கேட்டா இப்பத் தெரியல. பொய் சொல்ல மாட்டேன். மழை விட்ட பொறவு அங்க வந்து என்னையவே கேளுங்க. பிரமிளாக்காகிட்டக் கேக்காதீங்க.”

எனக்கு அது தேவைதான்.

நந்தகோபால் ரொம்ப நேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அழப் போகிறார் என்று நினைத்தேன். அழவில்லை. குனிந்து, காலடியில் வைத்திருந்த துணிப்பையை எடுத்து, அதிலிருந்து முட்டி வரைக்கும் வரும் கெட்டித் துணிக் காலுறைகளை ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தார். மூன்று ஜோடி.

“அட்டை கடிக்காம இருக்கறதுக்கு,” என்றார். “அங்க மழைக்கு நெறைய வருமாம். காந்திபுரத்துல வாங்குனேன். கடைக்காரன் அளவு கேட்டான். எனக்குத் தெரியல. அதான் மூணு அளவுலயும் ஒவ்வொண்ணு வாங்கீட்டேன்.”

அவர் தன் மனைவியின் பாதங்களைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார்.

“உன்ற கால் அளவு என்ன ஹேமா?”

அவர் ஹேமாவிடம் எதையாவது கேட்டு நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. டாக்டர் மூக்கை உறிஞ்சினார். ஹேமா குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார்.

“அஞ்சு,” என்றார்.

நந்தகோபால் காலுறைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஆறு, ஏழு, எட்டு. மூன்றையும் வாரிப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். “கடை தொறந்துதான் இருக்கும். போய் மாத்தீட்டு வந்தர்றேன்.”

அவர் செருப்பை மாட்டி வாசலைத் தாண்டியிருப்பார்.

“இருங்க, நானும் வர்றேன்,” என்று எழுந்தார் ஹேமா. “போட்டுப் பாத்துத்தான் வாங்கோணும்.”